போயாவுக்கு முதல் நாள் இரவு ஒரு பழைய படம் போடுவது எப்படி?

கறுப்பு வெள்ளை என்று தெரிந்ததும் போனைக் கையில் எடுக்கிற ஒருவர் எந்த வீட்டிலும் இருப்பார். பெரும்பாலும் ஆக இளையவர். சில வீடுகளில் அப்பாவே அப்படித்தான். அந்த ஆளைக் கடைசி வரை உட்கார வைக்கிற படம்தான் முதல் இரவுக்குச் சரியான படம். எது காவியம், எதற்கு விருது கிடைத்தது என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1980க்கு முந்தைய படம் ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்காதவர்களுக்கும், அவர்களுக்கு ஒன்றைக் காட்டிவிட ஆசைப்படுகிறவர்களுக்கும் இந்தச் செய்முறை.

படி 1: நாளைத் தெரிவு செய்யுங்கள்

பழைய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும், மூன்று மணியைத் தொடுவதும் உண்டு. விடிய வேலைக்கு ஓட வேண்டிய இரவு சரிவராது. போயாவுக்கு முதல் நாள் என்றால் மறுநாள் லீவு. ஒக்டோபர், நவம்பர் என்றால் இன்னும் நல்லது: கொழும்பில் பின்னேரம் இடி மழை பிடித்தால் காலி வீதிப் பக்கம் போகும் எண்ணம் ஒருவருக்கும் வராது. ஏழரைக்குத் தொடங்குங்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கும் படத்தில் இடைவேளைக்கு முன்பே பாதிப்பேர் நித்திரை.

படி 2: ஆட்களைப் பார்த்துப் படத்தை எடுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். யார் யார் வருகிறார்கள் என்று முதலில் யோசியுங்கள்.

எல்லா வயதுக்காரரும் கலந்த கூட்டம் என்றால் என் முதல் தெரிவு ‘காதலிக்க நேரமில்லை’. ஸ்ரீதர் 1964இல் எடுத்த வண்ணப் படம். கறுப்பு வெள்ளைக்கு முகம் சுளிப்பவரின் வாயை அதுவே அடைத்துவிடும். சினிமா எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷ், தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி ஒன்று போதும். அதில் நாகேஷைப் பார்க்காதீர்கள், பாலையாவின் முகத்தைப் பாருங்கள். வாயால் பேசாமல் பயந்தே சிரிக்க வைக்கிற வித்தையை அதற்குப் பிறகு அவ்வளவு வடிவாக யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளும் மட்டும் என்றால் ‘மிஸ்ஸியம்மா’ (1955). வேலையில்லாத இருவர் கணவன் மனைவி என்று பொய் சொல்லி ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலைக்குச் சேருகிறார்கள். அவள் வேதக்காரி, அவன் சைவம். சாவித்திரியின் கோபமும் ஜெமினியின் சமாளிப்பும் இன்றைக்கும் பழசாகவில்லை. ‘வாராயோ வெண்ணிலாவே’ அம்மம்மாவுக்கு இலங்கை வானொலியில் கேட்டே மனப்பாடமாகியிருக்கும். படம் பார்க்காமல் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்ந்த தலைமுறை அது. காட்சியோடு பார்க்கும்போது அவர்களைக் கவனியுங்கள், படத்தைவிட அது சுவாரசியம்.

பாட்டே பிடிக்காது, துப்பறியும் தொடர்தான் பார்ப்பேன் என்கிற மச்சானுக்கு ‘அந்த நாள்’ (1954). எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால மதராஸில் ஒரு ரேடியோ என்ஜினியர் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் கதை வேறு வேறு விதமாக வருகிறது. இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கொலையாளி யார் என்று தெரிந்தவர் அறையில் இருந்தால் முன்கூட்டியே சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எம்.ஜி.ஆர். இல்லாமல் ஒரு இரவா என்று பெரியப்பா கேட்பார். கேட்கட்டும், அவர் கண்டி மண்ணில் பிறந்தவர் அல்லவா. ‘அன்பே வா’ (1966) போடுங்கள். தன் சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருக்கும் பணக்காரன் கதை. வாள்சண்டை இல்லை, கொள்கைப் பாட்டுகளும் குறைவு; புதிதாகப் பார்ப்பவருக்கு அது வசதி.

‘பராசக்தி’யை முதல் இரவுக்கு வேண்டாம் என்பேன். 1952இல் அது செய்த வேலை பெரியதுதான், சிவாஜியின் முதல் படமும் அதுதான். ஆனால் அந்த நீளமான வசனங்களுக்குக் காது பழகியிருக்க வேண்டும். பழகாதவர் நீதிமன்றக் காட்சி வருவதற்குள் எழுந்துவிடுவார்.

படி 3: பிரதியைச் சோதியுங்கள்

யூடியூபில் ஒரே படம் பல இடங்களில் கிடக்கும். தயாரிப்பு நிறுவனமோ உரிமை வைத்திருப்பவரோ ஏற்றியதைத் தேடுங்கள். பிறகு பெயர் போடும் இடத்தை ஓடவிட்டுப் பாருங்கள். எழுத்துகளின் மேல்பாதியோ கீழ்பாதியோ வெட்டுப்பட்டிருந்தால், இன்றைய அகலத் திரைக்காகப் படத்தை நறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பெயர் வெட்டுப்பட்ட பிரதியில் தலையும் வெட்டுப்படும். ‘தில்லானா மோகனாம்பாள்’ போன்ற படத்தில் நாட்டியக்காரியாக வரும் பத்மினியின் பாதம் தெரியாவிட்டால் பார்த்து என்ன பிரயோசனம்?

ஒலியும் உதடும் ஒத்துப்போகிறதா என்று படத்தின் நடுவிலும் கடைசியிலும் ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள். இதை முதல் நாளே செய்துவிடுங்கள், ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு அல்ல. டேட்டா கணக்குப் பார்த்துப் பாவிக்கிற வீடென்றால் முந்தின இரவே செயலிக்குள் இறக்கி வைத்துவிடலாம்.

படி 4: ரீவியைச் சரிசெய்யுங்கள்

தமிழில் சினிமாஸ்கோப் வந்தது 1973இல், ‘ராஜராஜ சோழன்’ படத்தோடு. அதற்கு முந்தையவை கிட்டத்தட்டச் சதுரத்துக்குப் பக்கமான சட்டகம். உங்கள் ரீவி அகலம். ஆகவே இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் வேண்டும். அதைப் பொறுக்காமல் யாராவது ரிமோட்டை எடுத்துத் திரையை நிரப்பினால் சாவித்திரி சப்பட்டையாகிவிடுவார். படத்தின் அளவை ‘ஒரிஜினல்’ அல்லது ‘4:3’ என்பதில் வையுங்கள்.

இன்னொன்று: புதிய ரீவிகளில் அசைவை வழவழப்பாக்கும் ஒரு வசதி உண்டு. பிலிம் நொடிக்கு 24 சட்டங்களில் ஓடியது. இந்த வசதி நடுவில் தானாகச் சட்டங்களை உண்டாக்கிச் செருகுகிறது. விளைவு, அறுபது வருடத்துப் படம் நேற்று எடுத்த மெகா தொடர் மாதிரித் தெரியும். நிறுத்திவிடுங்கள். வெளிச்சத்தையும் கொஞ்சம் குறையுங்கள்.

படி 5: சத்தம்

அந்தக் காலப் படங்களின் ஒலி ஒரே தடம். சுற்றொலி வசதியை அணைத்தால்தான் வசனம் தெளிவாகக் கேட்கும். ‘பேச்சு’ என்று ஒரு முறை இருந்தால் அதில் போடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கத்து மாடி வீடென்றால் ரயில் போகும்போது சத்தத்தைக் கூட்டிப் பிரயோசனமில்லை. நிறுத்திவிட்டுப் போக விடுங்கள். மேல்மாடி, கீழ்மாடிக்காரர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு வசனத்தைவிட உரக்கத் தொடங்கும், அப்போது ரிமோட் கையில் இருக்க வேண்டும்.

படி 6: சாப்பாடு

வசனப் படத்துக்கு முறுக்கும் மிக்ஸரும் கூடாது. ரோல்ஸ், பற்றிஸ், அவித்த கடலை நல்லது. கொத்து வாங்குவதென்றால் இடைவேளைக்கு வந்து சேருமாறு சொல்லிவையுங்கள். இஞ்சிப் பிளேன்ரீ ஒரு பிளாஸ்கில் பக்கத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வீட்டில் ஒருவர் படம் முழுக்கக் குசினியிலேயே நிற்பார். நுளம்புக்கும் ஏதாவது செய்துவிட்டு உட்காருங்கள்.

படி 7: படம் ஓடும்போது

முன்னுரை சொல்லாதீர்கள். “இது எப்பேர்ப்பட்ட படம் தெரியுமா” என்று தொடங்கினால், பிடிக்காவிட்டால் சொல்லவும் முடியாமல் மற்றவர் நெளிவார். கதையின் முதல் இரண்டு வரி போதும்.

பாட்டுகளைத் தாண்டி ஓட்டாதீர்கள். கதை அங்கே நிற்கவில்லை, பாட்டுக்குள் நடக்கிறது. ‘தில்லானா மோகனாம்பா’ளில் ‘நலந்தானா’ பாட்டைத் தாண்டினால், காயம்பட்ட நாதஸ்வரக்காரனிடம் நலம் விசாரிக்க அவளுக்குக் கிடைக்கும் ஒரே வழியையே நீங்கள் வெட்டிவிட்டீர்கள். விரும்பினால் தனி நகைச்சுவைக் கிளைக்கதைகளைத் தாண்டுங்கள். எல்லாம் நாகேஷ் அல்ல.

முதல் நாற்பது நிமிடம் ஆன பிறகும் ஒருவருக்கும் ஒட்டவில்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு படம் போடுங்கள். பழைய படம் என்பதற்காகச் சகித்துக்கொண்டு பார்க்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

படி 8: இரண்டாவது இரவு

முதல் இரவு ஒட்டினால் அடுத்ததற்கு ‘முள்ளும் மலரும்’ (1978). மகேந்திரனின் முதல் படம்; ஒளிப்பதிவு மட்டக்களப்பு மண்ணில் பிறந்த பாலு மகேந்திரா. ரஜினியை ஸ்டைலோடு மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு அதில் அவர் நடித்த காளி வேறு ஆள்.

சிங்கள நண்பர்களும் வருவதானால் அதே ஆண்டு வந்த ‘பைலட் பிரேம்நாத்’ பொருத்தம்: சிவாஜியோடு சிங்களத் திரையின் நட்சத்திரம் மாலினி பொன்சேகா. மாலினியைப் பார்த்ததும் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், ‘இலங்கையின் இளம் குயில்’ வந்ததும் நீங்கள் நிமிர்வீர்கள். படம் சுமார்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் மண்ணிலேயே எடுத்த தமிழ்ப் படம் பார்க்க வேண்டும் என்று கேட்பவருக்குச் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து எடுத்த ‘வாடைக்காற்று’, யாழ்ப்பாணத்தில் தர்மசேன பத்திராஜ எடுத்த ‘பொன்மணி’ என்று பெயர் சொல்லலாம். இரண்டும் எழுபதுகளின் கடைசியில் வந்தவை. நம் நாட்டுத் தமிழ்ப் படங்களுக்கு நல்ல பிரதி கிடைப்பது கஷ்டம். 1983 ஜூலைக் கலவரத்தில் படங்கள் தயாரான ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. கிடைக்கும் பிரதி கீறலும் மங்கலுமாக இருந்தால் ரீவியை விட்டுவிட்டு லாப்டொப்பில் பாருங்கள். சின்னத் திரையில் அந்தக் குறை அவ்வளவாகக் கண்ணில் படாது.