பாட்டை ஏற்றும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

பெரிய லேபிள்கள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனங்கள், ஒரு பாட்டை வெளியே விடும் முன்பே, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு, எந்த எண்ணில் பதிவு என்பதை எழுதி முடித்துவிடும். சிங்கப்பூரில் சொந்தமாகப் பாட்டு வெளியிடும் தமிழ்க் கலைஞர்களும் அதே ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் ராயல்டி நடுவழியில் தொலையாது.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரிகளும் ஒன்று, மாஸ்டர் எனப்படும் ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டையும் தனித்தனியே 100 சதவீதமாகப் பிரித்து, யாருக்கு எவ்வளவு பங்கு என்று குறிக்கும் ஸ்ப்ளிட் ஷீட்டில் எழுதுங்கள். மெட்டும் வரியும் போடாத பாடகருக்கு முதல் கணக்கில் பங்கு கிடையாது. காசு கொடுத்துவிட்டோம், மாஸ்டர் நம்முடையதுதான் என்று இருந்துவிடாதீர்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், கட்டணத்துக்குச் செய்து கொடுத்த ஒலிப்பதிவுக்கும் உருவாக்கியவரே முதல் உரிமையாளர். தயாரிப்பாளர், ஸ்டூடியோ, மிருதங்கம் வாசித்தவர் என எல்லாரிடமும் மிக்ஸிங்குக்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் பேரம்தான் நடக்கும்.

இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் சிங்கப்பூரில் படைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் காம்பஸ் அமைப்பில் உறுப்பினராகி, பாட்டைப் பங்கு விவரத்தோடு பதிய வேண்டும். வானொலியிலும் மேடையிலும் ஒலிப்பதற்கான படைப்பாளர் தொகை அந்த வழியாக வரும்; பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றித்தரும் டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்பும் மாஸ்டர் பணத்தில் அது சேராது.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண் ஐஎஸ்ஆர்சி. மொத்தம் 12 இடங்கள்: முன்னொட்டு 5, ஆண்டு 2, வரிசை எண் 5. ரீமிக்ஸ், கரோக்கி, லைவ் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது மட்டும் பழைய எண்ணையே கொடுங்கள். புது எண் போட்டால் அதுவரை சேர்ந்த ஸ்ட்ரீம் கணக்கு புதுப் பதிவுக்கு வராமல் போகலாம்.

ஃபைல் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ். கவர் 3000க்கு 3000 பிக்சல். ஸ்பாட்டிஃபை இயல்பாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குச் சத்தத்தைச் சரிக்கட்டும். அதற்கு மேல் சத்தம் ஏற்றி நசுக்கிய மாஸ்டரின் சத்தம் குறைக்கப்படும், கரகரப்பு மட்டும் அப்படியே தங்கும்.

தமிழ்ப் பாட்டுகள் அதிகம் சறுக்குவது பெயரில்தான். ‘ழ’ வரும் பெயரை ஆங்கில எழுத்தில் ஒருமுறை ஒரு மாதிரியும் மறுமுறை வேறு மாதிரியும் எழுதினால் கலைஞர் பக்கம் இரண்டாகப் பிரியும். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, கலைஞர் பக்கத்தின் இணைப்பையும் டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் கொடுங்கள். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

பலருக்கும் விற்கப்படும் பீட்டில், அதாவது ஆயத்தப் பின்னணி இசையில், பாடியிருந்தால், வீடியோக்களில் பாட்டு ஒலிப்பதைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடியில் சேர்க்காதீர்கள். அதே பீட்டை வாங்கிய மற்றவர்களின் வீடியோக்கள் மீது உங்கள் பெயரில் உரிமைக் கோரல் போய் விழும்.

ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு விண்ணப்பிக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு பாட்டு உள்ளே இருக்க வேண்டும். திருத்தங்களுக்கும் நேரம் பிடிக்கும் என்பதால் 4 வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள்.