செல்லுக்குள் புரோட்டீனை நிறுத்தி, அவிழ்த்துவிட்டு, பின்தொடர்வது எப்படி

சாதாரண செல்லை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நமக்கு வேண்டிய புரோட்டீன் கொஞ்சம் இ.ஆரில் (எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், புரோட்டீன் உருவாகி மடங்கும் வலைப்பின்னல்), கொஞ்சம் கோல்ஜியில் (அதைப் பதப்படுத்தி அனுப்பும் அடுக்குகள்), மீதி வெளிச்சவ்வில் என்று கலந்து கிடக்கும், எது எப்போது எங்கிருந்து கிளம்பியது என்று ஒன்றுமே தெரியாது. அதனால் எல்லாவற்றையும் முதலில் ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட வேண்டும்.

இதற்கு வி.எஸ்.வி. (வெசிகுலர் ஸ்டொமடைட்டிஸ்) வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் ஜி புரோட்டீனில் டிஎஸ்045 என்ற மாற்றுவகை கைகொடுக்கும். 40 டிகிரியில் அது ஒழுங்காக மடங்காது, ஒழுங்காக மடங்காததை இ.ஆர். வெளியே விடாது. 32 டிகிரிக்கு இறக்கினால் மடங்கிக்கொண்டு, சிஓபி-2 என்ற புரோட்டீன் உறை உருவாக்கும் வெசிக்கிள் (சரக்கைச் சுமக்கும் சின்னப் பை) வழியாகக் கிளம்பிவிடும். (ஈஸ்ட்டில் ஆய்வாளர்கள் நோவிக்கும் ஷெக்மனும் 1979இல் வெப்பநிலையை வைத்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள், ஆனால் அவர்கள் நிறுத்தியது சரக்கான புரோட்டீனை அல்ல, அதைக் கொண்டுபோகும் வண்டியையே.)

ஜி.எஃப்.பி. (பச்சையாக ஒளிரும் புரோட்டீன்) ஒட்டிய டிஎஸ்045 பிளாஸ்மிடை (அதன் மரபணுவைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையம்) கவர்ஸ்லிப்பில் (மெல்லிய கண்ணாடித் துண்டு) வளரும் காஸ்-7 என்ற குரங்குச் சிறுநீரக செல்களுக்குக் கொடுத்து, ராத்திரி முழுக்க 40 டிகிரியில் விடுங்கள். காலையில் சைக்ளோஹெக்சிமைடு சேருங்கள், இல்லையென்றால் புதுப் புரோட்டீன் வந்துகொண்டே இருந்து கணக்கைக் குழப்பும். ஒரு கவர்ஸ்லிப்பை 0 நிமிடம் என்று உடனே, செல்லை அந்த நிலையிலேயே நிறுத்தும் (ஃபிக்ஸ் செய்யும்) 4% பாராஃபார்மால்டிஹைடில் போட்டுவிட்டு, மற்றவற்றை 32 டிகிரிக்கு மாற்றி 10, 20, 40, 60, 120 நிமிடங்களில் எடுங்கள். முதலில் இ.ஆரின் வலைப்பின்னல் மாதிரி தெரிந்த ஒளி மெல்ல அணுக்கருவின் ஓரமாகக் கோல்ஜியில் திரளும், அப்புறம் செல்லின் விளிம்புக்குப் போகும்.

0 நிமிடத்திலேயே கோல்ஜி பளிச்சென்று தெரிந்தால் புரோட்டீன் முன்பே கிளம்பிவிட்டது என்று அர்த்தம், அந்தத் தொகுப்பைத் தூக்கிப் போடுங்கள். நான் இதில் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன். பிளாஸ்மிடைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன், கடைசியில் பார்த்தால் இன்குபேட்டர் கதவை அடிக்கடி திறந்து சூடு இறங்கியதுதான் காரணம். மீடியத்தை முன்கூட்டியே சூடாக்கி வையுங்கள், ஃபிக்ஸ் செய்யும் தட்டை இன்குபேட்டர் பக்கத்திலேயே வையுங்கள்.

சரி, நடுவழியில் நிறுத்த வேண்டுமா? 15 டிகிரியில் வைத்தால் இ.ஆருக்கும் கோல்ஜிக்கும் இடையில் தேங்கும், 20 டிகிரியில் கோல்ஜியின் கடைசி அடுக்கில் தேங்கும். பிரெஃபெல்டின் ஏ என்ற மருந்து கொடுத்தால் ஆர்ஃப்1 (உறையைச் சவ்வில் ஒட்டவைக்கும் புரோட்டீன்) இயங்காமல் போய், கோல்ஜியில் இருக்கும் சிஓபி-1 உறை கழன்று, கோல்ஜியே இ.ஆருக்குள் கரைந்துவிடும். கோல்ஜி ஒரு நிலையான பெட்டி இல்லை, போக்குவரத்து ஓடும்வரைதான் அது இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் எனக்குக் காட்டியதில்லை.

படத்தை மட்டும் நம்ப வேண்டாம். இ.ஆரின் ஒரு பகுதி அணுக்கருவை ஒட்டியே இருப்பதால் கோல்ஜி என்று ஏமாந்துபோவது சுலபம். அதே நேரங்களில் எடுத்த செல்களை உடைத்து எண்டோ ஹெச் என்சைம் போட்டு, புரோட்டீன்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுங்கள். இ.ஆரிலேயே இருக்கும் புரோட்டீனின் சர்க்கரைச் சங்கிலியை அது வெட்டிவிடும், பட்டை கீழே இறங்கும். கோல்ஜியின் நடு அடுக்கைத் தாண்டியதை வெட்ட முடியாது, பட்டை மேலேயே நிற்கும்.