நீர்மூழ்கிக் கப்பலின் ஹேட்சுக்கு வெள்ளத் தடுப்பு வளையம்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1969 மே 15 இரவு, கலிபோர்னியாவின் மேர் தீவுக் கப்பல் தளத்தில் கட்டுமானத்தில் இருந்த அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் கிட்டாரோ, கரையோரத்தில் கட்டப்பட்டிருந்த நிலையிலேயே மூழ்கியது. இரண்டு குழுக்கள் ஒன்றின் வேலை மற்றொன்றுக்குத் தெரியாமல் முன்னும் பின்னும் இருந்த தொட்டிகளில் நீர் ஏற்றின. முகப்பு தாழ்ந்து, திறந்திருந்த வாய்களின் வழியே நீர் உள்ளே பாய்ந்தது. ஹேட்சுகளை, அதாவது ஆட்கள் ஏறி இறங்கும் திறப்புகளின் கதவுகளை, மூட முயன்றவர்களால் பெரும்பாலும் மூட முடியவில்லை, ஏனெனில் அவற்றின் ஊடே கேபிள்களும் குழாய்களும் சென்றுகொண்டிருந்தன.

பழுதுபார்ப்பின்போது ஹேட்சைச் சுற்றிப் பொருத்தும் தடுப்பு வளையத்தை வடிவமைப்பவர், திறப்பின் விட்டத்தை மட்டும் அளந்துகொண்டு வேலையைத் தொடங்குவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. வளையம் அவகாசம் தரும், அவ்வளவுதான். கப்பலைக் காப்பது மூடிய ஹேட்ச். எனவே உள்ளே செல்லும் ஒவ்வொரு கேபிளையும் குழாயையும் முதலில் பட்டியலிட்டு, அவற்றை வளையச் சுவரிலேயே விரைவாகக் கழற்றக்கூடிய இணைப்பிகளாகப் பிரித்து, உட்பகுதியை உள்ளே தள்ளிவிட்டு ஹேட்சை மூடும்படி அமைக்க வேண்டும். மின்சாரம் பாயும் கேபிளைக் கழற்றினால் தீப்பொறி பறக்கும் என்பதால், கரையில் அதைத் துண்டிக்கும் ஸ்விட்சும் இந்த வடிவமைப்பின் பகுதியே.

பம்பு சமாளித்துவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 65 செ.மீ. விட்டமுள்ள திறப்புக்கு மேல் அரை மீட்டர் நீர் நின்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 டன் நீர் உள்ளே இறங்கும். ஆகவே வளையத்தின் உயரத்தை, அமைதியான நாளின் நீர்மட்டத்தை வைத்தல்லாமல், கப்பல் மிக அதிகமாகச் சாய்ந்த நிலையையும் கடந்து செல்லும் படகுகள் எழுப்பும் அலையையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஹேட்ச் அமரும் உலோக விளிம்பின் மீதே வளையத்தை உட்கார வைப்பவர்களும் உண்டு. ஆழ்கடலில் முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டிய அந்த விளிம்பில் கீறல் விழக்கூடாது. வளையம் அதற்கு வெளியே, வளைந்த மேற்பரப்போடு ஒட்டும் தடித்த மென்மையான கேஸ்கெட்டின் (நீர் கசியாமல் அடைக்கும் பட்டையின்) மீது அமர வேண்டும். ஏணி வழியையும் அது குறுக்கக்கூடாது, சுவாசக் கருவி அணிந்தவர் புகையின் நடுவே ஏறி வர வேண்டிய ஒரே வழி அதுவாக இருக்கலாம்.

துறைமுகத்துக்கென்று செய்த வளையத்தைக் கடலில் நம்பவே கூடாது, அங்கே கப்பலைக் காப்பது மூடிய ஹேட்ச் மட்டுமே. 2004 அக்டோபர் 5 அன்று, கொந்தளிப்பான அட்லாண்டிக்கில் கனடாவின் சிகூட்டிமி நீர்மூழ்கிக் கப்பலின் மேற்புறக் கோபுரத்தில் மேல் ஹேட்சும் கீழ் ஹேட்சும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன. உள்ளே புகுந்த அலை நீரால் மின்தீ மூண்டு ஓர் அதிகாரி உயிரிழந்தார்.