சாம்பல் அணிலையும் அனபீனாவையும் ஒப்பிட்டு எழுதுறது எப்படி

ரெண்டு உயிரை ஒப்பிடுன்னு கேட்டா உடனே நடுவுல கோடு போட்டு இது பெருசு அது சிறுசு, இதுக்கு கால் இருக்கு அதுக்கு இல்லன்னு நிரப்ப ஆரம்பிச்சிடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி எழுதாதீங்க. சாப்பாடு எங்கிருந்து வருது, எப்படி பெருகுது, உடம்புக்குள்ள வேலையை எப்படி பிரிச்சுக்குதுன்னு ஒரே கேள்வியை ரெண்டு பக்கமும் கேளுங்க.

ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டு சாம்பல் அணிலை எடுத்துக்கலாம், 1988-ல அதுக்காகவே அங்க சரணாலயம் வந்துச்சு. இன்னொரு பக்கம் நெல்வயல் தண்ணியில இருக்குற அனபீனா, நீலப்பச்சைப்பாசி, அதாவது சயனோபாக்டீரியா.

ஈஸியானதை சட்டுனு முடிச்சிடுங்க. அணில் செல்லுல நியூக்ளியஸ் இருக்கு, புரதம் செய்யுற ரைபோசோம் 80எஸ் அளவு. அனபீனாவுல நியூக்ளியஸே கிடையாது, ரைபோசோம் 70எஸ். அணில் குட்டி போட்டு பால் கொடுக்கும், இது செல் ரெண்டா பிரிஞ்சு பெருகும், நிலைமை மோசமானா அகினீட்ங்கிற தடிச்ச செல்லா மாறி காத்திருக்கும்.

அடுத்தது உடம்புக்குள்ள வேலையை பிரிக்கிறது, அதுலதான் நிறைய பேர் ஒருசெல், பலசெல்னு எழுதிட்டு போயிடுறாங்க, எனக்கு அது பெரிய வருத்தம். ஒரு சொட்டு வயல் தண்ணியை மைக்ரோஸ்கோப்புல வெச்சு பாருங்க, பாசிமணி கோத்த மாதிரி நீளமா தெரியும், நடுநடுவுல கொஞ்சம் பெருசா வெளிறிப்போன ஒரு செல், ரெண்டு முனையிலயும் பளிச்னு ஒரு புள்ளி, அந்த செல்தான் ஹெட்டிரோசிஸ்ட். தண்ணியில நைட்ரஜன் உப்பு குறைஞ்சா சுமார் பத்து செல்லுக்கு ஒண்ணு இப்படி மாறி காத்துல இருக்குற நைட்ரஜனைப் பிடிச்சு பக்கத்து செல்லுங்களுக்குக் கொடுக்கும், அதுங்க பதிலுக்கு சர்க்கரை கொடுக்கும். நைட்ரஜன் பிடிக்கிற என்சைம் ஆக்சிஜன் பட்டா கெட்டுடும், அதனால இந்த செல் ஆக்சிஜன் வெளியிடுற வேலையையே நிறுத்திட்டு சுவரைத் தடிமனாக்கிக்கும், அதுக்கப்புறம் பிரியவும் பிரியாது. இதுக்கு எதிர்ல அணிலோட ரத்த சிவப்பணுவை எழுதுங்க, நியூக்ளியஸை இழந்துட்டு அதுவும் இனி பிரிய முடியாத செல்தான், ஆனா அதோட வேலை ஆக்சிஜனை சுமக்குறது.

சாப்பாடுன்னு வரும்போது அணில் பிறரை நம்பியிருக்கு, அனபீனா வெயில்ல தானே தயாரிக்கும்னு மட்டும் எழுதி விட்டுடாதீங்க. அணில் கடிக்கிற புளிய இலைக்குள்ள பச்சையத்தை வெச்சிருக்குற பசுங்கணிகம் (குளோரோபிளாஸ்ட்), 100 கோடி வருஷத்துக்கும் முன்னாடி இன்னொரு செல்லுக்குள்ள போய் தங்கிட்ட ஒரு சயனோபாக்டீரியாவோட வாரிசுங்கிறதையும் சேர்த்துக்கோங்க, அந்த ஒரு வரியிலதான் ரெண்டு பக்கமும் நிஜமா சேருது.

அளவு கடைசியில வந்தா போதும், அணில் வாலோட சேர்த்து அரை மீட்டருக்கு மேல, அனபீனா செல் சில மைக்ரோமீட்டர், ரெண்டையும் ஒரே யூனிட்டுக்கு மாத்தி எழுதிடுங்க.