சூரிய மின்தகடு வாங்கும் முன் மானிய விதியைப் படியுங்கள்

தொழிற்கூடத்தின் கூரையில் சூரிய மின்தகடுகளைப் பொருத்த முடிவெடுக்கும் நிறுவனங்கள் பல, கொள்முதல் ஆணையில் கையெழுத்திட்ட பிறகே மானியத்தைப் பற்றி விசாரிக்கின்றன. முன் ஒப்புதல் பெறாமல் பணி தொடங்கியிருந்தால் விண்ணப்பத்தை ஏற்காத திட்டங்கள் உண்டு என்பதால், முன்பண ரசீதின் தேதிகூட ஒப்புதல் தேதிக்கு முந்தியதாக இருந்துவிடக் கூடாது.

மானியமும் வரிச்சலுகையும் ஒன்றல்ல. மானியம் முதலீட்டுச் செலவை நேரடியாகக் குறைக்கிறது. வரிச்சலுகையான விரைவுபடுத்தப்பட்ட தேய்மானக் கழிவோ (தகடுகளின் விலையில் பெரும்பங்கைத் தொடக்க ஆண்டுகளிலேயே செலவாகக் காட்டி லாபத்திலிருந்து கழிப்பது), வரி விதிக்கத்தக்க லாபம் இருந்தால்தான் உடனடியாகப் பயன் தரும் என்பதால், நட்டத்தில் இயங்கும் நிறுவனம் அதை நம்பிக் கடன் தவணையைத் திட்டமிடுவது ஆபத்தானது. முதலீட்டில் 40 விழுக்காட்டை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க முடிந்து, வரி விகிதம் 25 விழுக்காடாக இருந்தால், அவ்வாண்டில் மிச்சமாகும் வரி முதலீட்டில் 10 விழுக்காடுதான். (விற்பனைப் பிரதிநிதிகள் 40 என்ற எண்ணை மட்டும் அழுத்திச் சொல்வார்கள்.)

தகடுகளைச் சொந்தமாக வாங்காமல் வாடகைக்கு எடுத்தால், சலுகை பொதுவாக அவற்றின் உரிமையாளருக்கே சேரும். அதன் பயன் வாடகையில் எவ்வளவு கழிக்கப்பட்டுள்ளது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளவும்.