சக்கரம் அந்தரத்தில் நின்றால் யார் குற்றம்? விண்வெளி வாகன செட் கட்டும்போதும் மதிப்பிடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெகோ மாதிரித் துண்டுகளை இணைத்துக் கட்டும் பொம்மை செட்டில், ஆறு சக்கர ரோவர் (வேற்றுக்கிரகத் தரையில் ஓடும் வண்டி) ஒன்றைக் கட்டி முடித்து மேசையில் வைத்தேன். ஐந்து சக்கரம் தரையில் இருந்தது. ஆறாவது, விரல் நுழையும் அளவுக்கு அந்தரத்தில் நின்றது. அழுத்தினால் இறங்கியது, விட்டால் அப்படியே விறைத்து நின்றது. மேடுபள்ளத்தில் தானாக ஏறி இறங்க வேண்டிய கை அது. “சஸ்பென்ஷன் வெறும் அலங்காரம், வடிவமைப்பு சரியில்லை” என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து வேறு காரணத்துக்காகப் பிரித்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கை சுழலும் இடத்தில் சாம்பல் நிற ‘பின்’ (துளைக்குள் செருகிப் பாகங்களை இணைக்கும் சிறு முளை) போட வேண்டும். நான் போட்டிருந்தது கறுப்பு. லெகோ டெக்னிக் வகைப் பாகங்களில் சாதாரணக் கறுப்பு பின்னின் மேல் சின்ன வரப்புகள் இருக்கும். துளைக்குள் இறுக்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. வழுவழுப்பான சாம்பல் பின் தடையின்றிச் சுழலும். இரண்டும் ஒரே நீளம், துளையில் ஒரே மாதிரிதான் நுழையும். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியவில்லை.

இந்த வகை செட்டுகளைப் பற்றி வரும் குறைகளில் பாதி இப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். கட்டியவர் செய்த தவறு, செட்டின் தவறாகப் பதிவாகிவிடுகிறது. நிஜக் கார் பொம்மை என்றால் நிஜக் காரோடு ஒப்பிட்டு ‘இது இப்படி இருக்காதே’ என்று சந்தேகப்படலாம். விண்கலத்துக்கு அந்த வசதி இல்லை. கோணலாக இருந்தாலும் ‘வேற்றுக்கிரக டிசைன் போல’ என்று மனசு சமாதானம் சொல்லிவிடும். அதனால் இங்கே கட்டும் தவறையும் மதிப்பிடும் தவறையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

கொட்டுவதற்கு முன்

பெரிய செட்டுகளில் பைகளுக்கு எண் இருக்கும். ஆர்வத்தில் எல்லாப் பைகளையும் ஒரே குவியலாகக் கொட்டுவதுதான் முதல் தவறு. ஒரே எண்ணில் இரண்டு மூன்று பைகள் இருக்கலாம் என்பதை மறப்பது அடுத்தது. ஒரு பையை மட்டும் பிரித்துவிட்டுப் ‘பாகம் குறைகிறது’ என்று புகார் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

விண்வெளி வாகனம் என்றாலே பெரும்பாலும் சாம்பல் நிறம்தான். வெளிர் சாம்பல், அடர் சாம்பல், கறுப்பு, நடுநடுவே அடர் நீலம். இதை நிறவாரியாகப் பிரித்து வைத்தால் கடைசியில் ஒரு சாம்பல் மலை மிஞ்சும். வடிவவாரியாகப் பிரியுங்கள்: தட்டைகள் (மெல்லிய துண்டுகள்), கட்டைகள் (செங்கல் போன்ற உயரமான துண்டுகள்), பின்கள், கீல்கள். வெள்ளை வெளிச்சம் வேண்டும், பகல் வெளிச்சம் என்றால் இன்னும் நல்லது. பழைய பெட்டியிலிருந்து காணாமல் போன பாகத்துக்கு மாற்று எடுக்கிறீர்கள் என்றால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2003–04 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களையே மாற்றியது. புதியது கொஞ்சம் நீலம் ஓடியது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் இறக்கையில் ஒட்டுப் போட்டது போல் தெரியும்.

முடித்த பிறகு சில துண்டுகள் மிஞ்சும். பயப்பட வேண்டாம். பைகளை எடை பார்த்துச் சரிபார்ப்பார்கள். மிகச் சின்னப் பாகத்தின் எடை அதில் பிடிபடுவது கடினம் என்பதால் ஒன்றைக் கூடுதலாகவே போடுகிறார்கள். ஒற்றைக் குமிழ் (மேலே துருத்தி நிற்கும் வட்டப் புடைப்பு) உள்ள துண்டோ பின்னோ மிஞ்சினால் சரி. ஆறு குமிழ் நீளத் தட்டை மிஞ்சினால் செட்டோடு வரும் செய்முறைப் புத்தகத்தைத் திருப்பிப் பாருங்கள். எங்கோ ஒரு படியைத் தாண்டியிருக்கிறீர்கள்.

ஒரு தட்டை இடைவெளி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏனென்றால் விண்கலத்தின் அழகும் கோளாறும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன.

லெகோ அளவில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மில்லிமீட்டர். ஒரு கட்டையின் உயரம் 9.6, ஒரு தட்டையின் உயரம் 3.2. அதாவது மூன்று தட்டை சேர்ந்தால் ஒரு கட்டை. இது எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகக் கவனிக்கப்படாதது அடுத்த கணக்கு: ஐந்து தட்டை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அது சரியாக இரண்டு குமிழ் அகலம். கலத்தின் பக்கவாட்டில் குமிழ் வெளிப்பக்கம் பார்க்கும்படி பலகைகளைப் பொருத்துகிறார்களே, அது கச்சிதமாக உட்காருவது பெரும்பாலும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆகவே பக்கப் பலகைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு தட்டை கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தால், வடிவமைத்தவரைத் திட்டுவதற்கு முன் உள்ளே உள்ள அடுக்கை எண்ணுங்கள். ஐந்துக்குப் பதில் நான்கு இருக்கும். இடைவெளி அதைவிட மெல்லியதாக, நகம் மட்டும் நுழையும்படி இருந்தால் எண்ணிக்கை சரி, அழுத்தம்தான் போதவில்லை. தட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அழுத்துவது நம் பழக்கம். மேசை மேல் வைத்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஓர் அடுக்கில் விட்ட மயிரிழை இடைவெளி அந்த அடுக்கில் தெரியாது. பத்து அடுக்கு மேலே போன பிறகு மூக்குப் பகுதி கோணலாகித் தெரியும். நான் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் இணைப்புகளின் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன். கிறுக்குத்தனம்தான், ஆனால் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

இடது, வலது இறக்கைகளில் வரும் தவறு வேறு. சரிவாக வெட்டிய தட்டைகளில் இடதுக்கு ஒரு பாகம், வலதுக்கு ஒரு பாகம். ‘அதே மாதிரி இன்னொன்று’ என்று புத்தகத்தைப் பார்க்காமல் கட்டினால் இரண்டு இடது இறக்கை கிடைக்கும். அப்புறம் சொடுக்குக் கீல்கள். இவை ஒரு சொடுக்குக்கு 22.5 பாகை நகரும். ஒரு பக்கம் இரண்டு சொடுக்கு, மறுபக்கம் மூன்று என்று விட்டுவிட்டு, கலம் சாய்ந்திருக்கிறது என்று சொல்வதில் நியாயமில்லை. காதால் எண்ணலாம்.

ஆக்சில் கம்பிகளில் (சக்கரம் மாட்டும் அச்சுகள்) எது எந்த நீளம் என்று குழப்பம் வந்தால் ஓர் எளிய வழி: புத்தகத்தில் அவற்றின் படம் நிஜ அளவிலேயே அச்சாகியிருக்கும். கம்பியைப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள், போதும்.

ஸ்டிக்கர்

ஸ்டிக்கரை எல்லாம் முடிந்த பிறகு ஒட்டலாம் என்று தள்ளிப்போட்டால், ஒட்ட வேண்டிய பாகம் எஞ்சினுக்கு அடியில் போய்ப் புதைந்திருக்கும். விரல் நுனியால் ஒட்டினால் எண்ணெய்ப் பசை ஏறி ஓரம் சீக்கிரம் கிளம்பும். கட்டை பிரிக்கும் கருவியின் தட்டையான முனையில் ஸ்டிக்கரின் ஓரத்தைத் தொற்ற வைத்து, மெதுவாக இறக்குவது எனக்குச் சரிப்படுகிறது. இரண்டு பாகத்தின் மேல் ஒரே ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லும் செட்டுக்கு நான் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். பிரித்து மறுபடி கட்டுவதுதான் இந்தப் பொம்மையின் உயிர். அதை ஒட்டிப் பூட்டுவது சரியில்லை.

எண்ணிக்கையை வைத்து எடைபோடுவது

‘எத்தனை பாகம்?’ என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அதிகம் ஏமாற்றும் எண்ணும் அதுதான்.

1979-இல் வந்த லெகோ ‘கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர்’ கலத்தில் 338 பாகம். 2022-இல் அதே கலத்தைப் பெரிதாக்கி மறுபடி வெளியிட்டார்கள், 1,254 பாகம். ஏறக்குறைய நான்கு மடங்கு. கலமும் நான்கு மடங்கு நீளமா? இல்லை, சுமார் ஒன்றரை மடங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றரை மடங்கானால் கன அளவு மூன்றேகால் மடங்கைத் தாண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் பழைய செட்டின் 338-க்குள் தரைத்தளம், ஒரு சின்னக் கட்டடம், குட்டி வண்டி எல்லாம் அடக்கம். புதியதன் எண்ணிக்கையோ ஏறக்குறைய முழுவதும் கலத்துக்கே போகிறது. அப்படியானால் ‘பாகம் அதிகம், ஆகவே நான்கு மடங்கு நல்ல செட்’ என்ற வாக்கியத்துக்கு என்ன பொருள் இருக்கிறது?

விண்வெளி வாகனங்களில் இன்னொரு மாயமும் உண்டு. குழாய், வால்வு, ஆண்டெனா என்று மேலே தூவிய ஒற்றைக் குமிழ் துண்டுகள் எண்ணிக்கையைச் சட்டென்று ஏற்றிவிடும். அவற்றில் நூறைக் கையில் எடுத்தால் ஒரு பிடி. நூறு பெரிய தட்டை என்றால் ஒரு தட்டு நிறையும். எடையையும், அச்சிட்ட பாகங்கள் எத்தனை என்பதையும், வேறு ஏதாவது கட்ட உதவும் பாகங்கள் எவை என்பதையும் பாருங்கள்.

அலமாரியில் வைத்தே தீர்ப்பு

பெட்டிப் படம் எந்தக் கோணத்தில் அழகோ அந்தக் கோணத்தில்தான் இருக்கும். கலத்தைத் திருப்பி அடிவயிற்றைப் பாருங்கள். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பறக்கவிடும் குழந்தை பார்ப்பது அடிவயிற்றைத்தான்.

என் சோதனை ஒன்று: ஒரு கையால் தூக்கி, வீட்டை ஒரு சுற்று சுற்றி, ஒருமுறை தலைகீழாகத் திருப்பி, மேசையில் இறக்க வேண்டும். பிறகு வந்த வழியே திரும்பிப் போய் விழுந்தவற்றைப் பொறுக்க வேண்டும். பீரங்கி முனை, ஆண்டெனா என்று ஒன்றிரண்டு விழுந்தால் மன்னிக்கலாம். இறக்கை கழன்றால் மன்னிக்க முடியாது. கையைத் தானாக எங்கே வைத்தீர்கள் என்பதையும் கவனியுங்கள். பிடிக்க இடமே இல்லாத கலங்கள் உண்டு. எங்கே பிடித்தாலும் ஏதாவது ஒரு பலகை கையோடு வரும். ரோவருக்கு ஒரு தடித்த புத்தகத்தைச் சாய்த்து வைத்தால் போதும். ஏறுகிறதா, நடுவயிறு தட்டுகிறதா, சக்கரம் சுற்றுகிறதா இழுபடுகிறதா என்பது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அன்றே தீர்ப்பு எழுதாமல் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். சொடுக்கு இல்லாத கீலில் நிற்கும் கனத்த இறக்கை முதல் நாள் நன்றாகவே நிற்கும். பிறகு மெல்ல இறங்கும். ஆனால் வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். இந்தப் பாகங்களின் ஏபிஎஸ் வகை பிளாஸ்டிக்கை மஞ்சளாக்குவதில் புற ஊதாக் கதிருக்குப் பெரிய பங்கு உண்டு, வெள்ளைக் கலத்தில் அது முதலில் தெரியும். கழுவ வேண்டியிருந்தால் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான தண்ணீர் வேண்டாம்.

ஓட்டுநர் ஏன் இவ்வளவு பெரியவர்?

இந்தப் புகார் அடிக்கடி வரும். 1978-இல் வந்த லெகோ மனிதர் சுமார் 4 சென்டிமீட்டர் உயரம். ஆனால் அகலம் நம் விகிதத்தில் இல்லை. தலை பெரியது, உடல் பெட்டி. உயரத்தை வைத்து வாகனத்தை அளந்தால் இருக்கையில் நுழைய மாட்டார், அகலத்தை வைத்து அளந்தால் வாகனம் கொழுத்துவிடும். எந்த வடிவமைப்பாளரும் நடுவில் எங்கோ சமரசம் செய்கிறார். அந்தச் சமரசம் நன்றாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணாடி மூடி மூடவில்லை என்றால் அழுத்தாதீர்கள், விரிசல் விடும். ஆக்சிஜன் தொட்டியைக் கழுத்தில் மாட்டினால் தலை கொஞ்சம் உயரும். புத்தகத்தில் அந்தத் தொட்டி இருக்கைக்குப் பின்னால் மாட்டச் சொல்லியிருக்கலாம்.

‘விண்வெளியில் காற்றே இல்லை, இறக்கை எதற்கு?’ என்று கேட்பவர்களிடம் வாதாட எனக்குப் பொறுமை இல்லை. கற்பனை வாகனத்தைக் கற்பனையின் விதிப்படிதான் அளக்க வேண்டும், ஆனால் அந்த விதியை அது மீறக் கூடாது. நான் பார்ப்பது இதை: கூரையைக் கழற்றாமல், பொம்மை மனிதர் வெளியிலிருந்து தன் இருக்கைக்குப் போக வழி இருக்கிறதா? கதவு, ஏணி, சரிவுப் பலகை, ஏதாவது ஒன்று. இதில் தோற்கும் செட்டுகள் ஏராளம்.

அந்த ரோவருக்கு வருகிறேன். பின்னை மாற்றினேன், ஆறு சக்கரமும் தரையில் நின்றது, புத்தகத்தின் மேல் அலுங்காமல் ஏறியது. குறிப்பேட்டில் எழுதியதை அடித்தேன். பிறகு பின்பக்கச் சரிவுப் பலகையை இறக்கினேன். அது தரைக்கு ஒரு கட்டை உயரம் மேலேயே நின்றுவிட்டது. பிரித்து மறுபடி கட்டினேன், பின்களைப் பார்த்தேன், தட்டைகளை எண்ணினேன், புத்தகத்தின் படத்தோடு ஒப்பிட்டேன். படத்திலும் அது தரையைத் தொடவில்லை. இந்த முறை நிம்மதியாக எழுதினேன்: “சரிவுப் பலகை எட்டவில்லை.”