பனையோலைப் பெட்டி முடையும்போது நேரும் தவறுகள்

பெட்டி முடைந்த அன்று எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பத்து நாள் கழித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் கண் கண்ணாக ஓட்டை தெரியும், மூலை சாய்ந்திருக்கும், வாயோரம் ஓலை வெடித்திருக்கும். கை பழகவில்லை என்று நினைத்துப் பலர் பின்னலையே திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். உண்மையில் இந்தக் குறைகளில் பெரும்பாலானவை ஓலையின் ஈரம் சரியாக இல்லாததால் வருபவை.

வெட்டிய கையோடு பச்சை ஓலையில் முடைவதுதான் முதல் தவறு. பச்சை ஓலை நன்றாக வளைந்து கொடுக்கும், வேலையும் சுலபமாகத் தெரியும். ஆனால் காயக் காய ஒவ்வொரு கீற்றும் அகலத்தில் சுருங்கும். எவ்வளவு நெருக்கி முடைந்திருந்தாலும் இடைவெளி விழுந்துவிடும். சிறிய பெட்டிக்கு வடலியில், அதாவது இளம் பனையில், எடுத்த குருத்தோலைதான் ஏற்றது. அதை 2, 3 நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு நனைத்து முடைய வேண்டும். முற்றிய சாரோலை கடகம் போன்ற முரட்டுப் பெட்டிக்கு உதவும். சின்னப் பெட்டியின் மடிப்பில் அது வெடிக்கும். ஒரே வடலியில் அடுத்தடுத்த குருத்துகளை வெட்டிக்கொண்டே போகாதீர்கள், மரம் நலிந்துவிடும்.

நனைப்பதிலும் அளவு உண்டு. சிலர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். ஊறி உப்பிய ஓலை பச்சை ஓலையைப் போலவே பின்னால் சுருங்கும், கறுத்தும் போகும். 15 முதல் 20 நிமிடம் நீரில் போட்டெடுத்து, ஈரத்துணியில் ஒரு மணி நேரம் சுற்றி வைத்தால் போதும். ஒரு கீற்றை விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிக்கவும் கூடாது, நீர் கசியவும் கூடாது. முடையும்போதும் எடுக்கிற கீற்றைத் தவிர மற்றவை துணிக்குள்ளேயே இருக்கட்டும்.

அடுத்தது கீற்றின் அகலம். விசிறி ஓலையின் ஒவ்வொரு மடிப்பிலும் நடுவே ஈர்க்கு ஓடும். அதைக் கிழித்தெடுத்தால் இரண்டு கீற்று கிடைக்கும். ஈர்க்கின் சிம்பு ஒட்டியிருந்தால் அந்த இடம் வளையாது, பக்கத்துக் கீற்றையும் கிழிக்கும். ஓலை நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால், கிழித்ததை அப்படியே பயன்படுத்தினால் பெட்டி ஒருபக்கம் இழுக்கும். எல்லாக் கீற்றையும் ஒரே அகலத்துக்கு வார்ந்துகொள்ளுங்கள்.

ஒரு கணக்கு: 1.25 செ.மீ. அகலத்தில் நெடுக்கு 16, குறுக்கு 16 என ஒன்று விட்டு ஒன்று பின்னினால் 20 செ.மீ. சதுரம் வரும். இது பெட்டியின் அடி அல்ல. இந்தச் சதுரத்தின் நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகள்தான் பெட்டியின் மூலைகள். அடி ஏறக்குறைய 14 செ.மீ. இருக்கும். சுவரில் கீற்று சாய்வாக ஏறுவதால், 10 செ.மீ. உயரம் வேண்டுமென்றால் நடுக்கீற்றுக்கு மடிப்புக்கு முன்பே 48 செ.மீ. ஆகிவிடும். வாய் மடிக்கவும் செருகவும் சேர்த்து 70 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். நீளம் போதாமல் வாயருகே தவிப்பது புதியவர்களுக்கு வழக்கமாக நேர்வது.

கீற்றின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். மூலையில் நடு இரண்டு கீற்றுகள் ஒன்றையொன்று தாண்டித்தான் சுவர் எழும்புகிறது. ஒற்றைப்படையானால் ஒன்றுக்குத் துணை இருக்காது. சுவரை எழுப்புவதற்கு முன் பின்னிய சதுரத்தை மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் 28 செ.மீ. சுமாருக்கு வந்தால் சதுரம் சரி. வேறுபட்டால் அப்போதே பிரித்து நெருக்கிவிடுங்கள். அடியில் விட்ட தளர்ச்சியைச் சுவரில் சரிக்கட்டவே முடியாது. நான்கு மூலைகளிலும் துணிக் கிளிப் போட்டுக்கொண்டால் எழுப்பும்போது அவிழாது.

வாயை மடிக்கும் வேளையில் ஓலை காய்ந்திருக்கும், ஏனென்றால் அதற்குள் இரண்டு மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். காய்ந்ததை மடித்தால் விளிம்பு முழுக்க வெடிப்புதான். மடிப்பிடத்தை ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் பொறுத்து மடியுங்கள். முனைகளைக் குறைந்தது நான்கு பின்னலுக்குள் செருக வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் கை பட்டுப்பட்டு வெளியே வந்துவிடும். பிறகு ஈர்க்குகளை விளிம்பில் வைத்து, ஊறிய பனைநாரால் பொத்தினால், அதாவது சேர்த்துத் தைத்தால், வாய் நெகிழாது. கைப்பிடி வேண்டுமென்றால் நாரை விளிம்பில் மட்டும் கட்டாமல் அடிவரை ஓட்டுங்கள். எடை விளிம்பில் தொங்கினால் ஓலை கிழியும்.

முடைந்ததை உச்சிவெயிலில் வைக்கிற ஆசையை விட்டுவிடுங்கள். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுவர் வளையும். உள்ளே அளவான டப்பா ஒன்றைச் செருகி, காற்றோட்டமான நிழலில் 2 நாள் வையுங்கள். மடிப்புகளுக்குள் ஈரம் இருக்கும்போதே மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். அரிசி, கருப்பட்டி வைக்கும் பெட்டிக்குச் சாயம் வேண்டாம்.